வயல்முதல் வட்டில்வரை

உரைநடை உலகம்

நுழையும்முன்

உண்ணும் ஒவ்வொரு கவளத்திற்குப் பின்னும் ஒரு நெடும்பயணம் உண்டு. விதைத்தவர், அறுத்தவர், சுமந்தவர், விற்றவர் எனப் பலருடைய கைகளைக் கடந்தே உணவு வட்டிலை அடைகிறது. முகமறியாத அத்தனை பேரையும் உண்பவர் எவ்வாறு நம்புவது? பதிவுகளை மறைவாகத் திருத்த இயலாதவாறு கோத்து வைக்கும் கணினித் தொழில்நுட்பம் ஒன்று இவ்வினாவுக்கு எந்த அளவிற்கு விடை தருகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு கீரைப் பொதியின் கதை

2006ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் பலர் கடும் வயிற்றுப்போக்கால் தாக்குண்டனர். ஈ.கோலை என்னும் நுண்ணுயிரியின் கொடிய வகையொன்று அவர்களுடைய உடலில் கண்டறியப்பட்டது. சிலருக்குச் சிறுநீரகமே பழுதுற்றது. 26 மாநிலங்களில் ஏறத்தாழ இருநூறு பேர் நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். நோயுற்றோரிடம் உசாவியபோது, அவர்களுள் பெரும்பாலோர் பொதியில் அடைத்து விற்கப்பட்ட பசலைக்கீரையை உண்டிருந்தமை தெரியவந்தது.

அக்கீரை எந்த வயலில் விளைந்தது என்பதை உடனே சொல்ல எவராலும் இயலவில்லை. ஆகவே, பொதிக்கீரையை எவரும் உண்ண வேண்டா என்று அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் செப்டம்பர் 14 அன்று நாடு முழுமைக்கும் அறிவித்தது. கடைகளிலிருந்து கீரை அகற்றப்பட்டது. பிழையேதும் செய்யாத உழவர்களின் விளைச்சலும் வாங்குவோரின்றி வீணாயிற்று.

நோயுற்றோர் வீடுகளில் எஞ்சியிருந்த பொதிகளின்மீது அச்சிடப்பட்டிருந்த குறியெண்களே ஆய்வாளர்களுக்கு வழிகாட்டின. அவை கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆலையில் ஆகஸ்ட் 15 அன்று கட்டப்பட்ட ஒரே தொகுதியைச் சுட்டின. ஒரு நாளில் கட்டப்பட்ட ஒரு தொகுதியில் நேர்ந்த தீங்குக்காக ஒரு நாட்டின் கீரை முழுவதும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. உணவு வந்த வழியை விரைந்து அறிய இயலாதபோது, உண்பவர் உயிரையும் விளைவித்தவர் வாழ்வையும் ஒருசேர இழக்க நேரிடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று.

நெருங்கிய சந்தையும் நீண்ட சங்கிலியும்

விளைவித்தவரும் உண்பவரும் நேருக்குநேர் நிற்கும் இடத்தில் நம்பிக்கை எளிதில் பிறக்கிறது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவரே தம் விளைபொருளை அங்கு நேரடியாக விற்கிறார். இன்று வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால், நாளை அவரிடமே சென்று கேட்கலாம். முகமும் சொல்லுமே அங்குப் பதிவேடுகள். அத்தகைய இடத்திற்குக் கணினியின் துணை பெரிதும் தேவைப்படுவதில்லை.

ஆயின், எல்லா உணவும் இவ்வாறு வந்து சேர்வதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டை எடுத்துக்கொள்ளலாம். தனித்த மணமும் காரமும் நெடுநாள் கெடாத இயல்பும் உடைய இப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மலையில் விளையும் பூண்டு மூட்டையாகக் கட்டப்பட்டுத் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தை போன்ற இடங்களுக்கு வருகிறது. அங்கிருந்து மொத்த வணிகர், வெளியூர் வணிகர், சில்லறைக் கடைக்காரர் எனக் கைமாறி, இறுதியில் ஒரு வீட்டின் அஞ்சறைப் பெட்டிக்கு அருகே இடம்பெறுகிறது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு துண்டுச்சீட்டு எழுதப்படுகிறது. ஆனால், ஒருவருடைய சீட்டை மற்றவர் காண்பதில்லை. மலைப்பூண்டு 40 கிலோ வாங்கிய ஒருவர் அதனுடன் வேற்றூர்ப் பூண்டு 20 கிலோவைக் கலந்து, அறுபதையும் மலைப்பூண்டு என்றே விற்றால், அதனை எங்ஙனம் கண்டுபிடிப்பது? வாங்குபவர் ஏமாறுவார். செங்குத்தான சரிவில் பாடுபட்ட மலை உழவரின் பெயரும் கெடும். போலிச்சரக்கு மலிந்தால் மெய்யான பொருளுக்கும் விலை கிடைக்காது.

கல்லில் வெட்டிய கணக்கு

பலரும் காணத்தக்க, எவரும் மறைவாகத் திருத்த இயலாத கணக்கு வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த கொடைகள் கோவில் சுவர்களிலும் தூண்களிலும் கல்வெட்டுகளாகப் பொறிக்கப்பட்டன. இன்ன பொருள், இன்ன எடை, இன்னார் அளித்தது என்னும் விவரங்கள் அவற்றில் உள்ளன. ஓலையில் எழுதிய கணக்கை ஒருவர் கிழித்துவிடலாம், மாற்றியும் எழுதிவிடலாம். ஊரார் கண்முன்னே கல்லில் வெட்டிய கணக்கில் ஓரெழுத்தைச் சிதைத்தாலும் அச்சிதைவு வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

கல்வெட்டின் இவ்விரு பண்புகளையும், அதாவது பொதுமையையும் திருத்தவொண்ணாமையையும், கணினிப் பதிவுக்கு வழங்கும் முயற்சியே பிளாக்செயின் தொழில்நுட்பம். ஏடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்படுவதால் இதனைத் தொடரேடு எனலாம்.

தொடரேடு இயங்கும் முறை

தொடரேட்டின் ஒவ்வோர் ஏடும் மூன்று செய்திகளைத் தாங்கியிருக்கும். முதலாவது, நிகழ்ந்த பரிமாற்றம்: யார், யாருக்கு, எதை, எவ்வளவு, எப்போது அளித்தார் என்னும் விவரம். இரண்டாவது, அவ்வேட்டிற்கு உரிய முத்திரை. மூன்றாவது, அதற்கு முந்தைய ஏட்டின் முத்திரை.

இம்முத்திரையைக் கணினியாளர் ‘ஹாஷ்’ என்பர். ஏட்டிலுள்ள செய்தி முழுவதையும் ஒரு கணித விதிக்கு உட்படுத்திப் பெறப்படும் குறி அது. மனிதருக்கு விரல்ரேகை எப்படியோ, செய்திக்கு இம்முத்திரை அப்படி. பரவலாகப் பயன்படும் எஸ்எச்ஏ-256 என்னும் விதி, செய்தி எவ்வளவு நீளமாயினும் 64 குறிகள் கொண்ட முத்திரையைத் தரும். செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். முத்திரையைக் கொண்டு செய்தியைத் திரும்பப் பெறவும் இயலாது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஏட்டிலுள்ள எடையுடன் முந்தைய ஏட்டின் முத்திரையைக் கூட்டி, ஏழால் பெருக்கி, வரும் விடையின் கடைசி இரண்டு இலக்கங்களை முத்திரையாகக் கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஏடு: உழவர் அளித்தது 40 கிலோ. முந்தைய ஏடு இல்லை. 40 × 7 = 280. முத்திரை 80.

இரண்டாம் ஏடு: காய்ந்து எடை குறைந்தபின் மொத்த வணிகர் விற்றது 38 கிலோ. 38 + 80 = 118; 118 × 7 = 826. முத்திரை 26.

மூன்றாம் ஏடு: கடைக்காரர் பெற்றது 38 கிலோ. 38 + 26 = 64; 64 × 7 = 448. முத்திரை 48.

கலப்படத்திற்கு இடம் தேடும் ஒருவர், முதல் ஏட்டிலுள்ள 40 என்பதைப் பின்னாளில் 60 எனத் திருத்துகிறார் என்க. 60 × 7 = 420; முதல் முத்திரை 20 ஆகிவிடுகிறது. அதனால் இரண்டாம் ஏட்டின் முத்திரை 06 ஆகவும், மூன்றாம் ஏட்டின் முத்திரை 08 ஆகவும் மாறுகின்றன. 80, 26, 48 என்னும் தொடர் 20, 06, 08 எனத் திரிந்துவிடுகிறது. ஓரிடத்தில் செய்த திருத்தம் தொடர் முழுவதையும் காட்டிக்கொடுக்கிறது.

திருத்தியவர் எல்லா முத்திரைகளையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடலாமே என்னும் ஐயம் எழக்கூடும். அதனைத் தடுக்கும் வழி, ஒரே தொடரேட்டின் படிகளைப் பலரும் வைத்திருப்பது. உழவர் கூட்டமைப்பு, வணிகர், கடைக்காரர், சான்றளிக்கும் அலுவலகம் ஆகிய ஒவ்வொருவரிடமும் ஒரு படி இருக்கும். ஒருவருடைய படி மட்டும் மற்றவற்றோடு பொருந்தாவிடில் அது ஏற்கப்படாது. பிழையாகப் பதிந்ததைத் திருத்த வேண்டுமெனில், பழையதை அழிக்காமல் திருத்தத்தைப் புதிய ஏடாகவே சேர்க்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மின்னணு ஆவணங்களின் நாளை எவரும் மாற்றாதவாறு முத்திரையிட்டுத் தொடராகக் கோக்கும் முறையை ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் 1991ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் தொடங்கிய நிறுவனம், 1995 முதல் தொடரின் முத்திரையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் விளம்பரமாக வெளியிட்டது. அச்சாகி ஊரெங்கும் பரவிய நாளிதழைத் திருத்த எவராலும் இயலாது என்பதே அதன் உட்கருத்து. சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, பிட்காயின் என்னும் மின்பணத்திற்கு இம்முறையைப் பயன்படுத்தியது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆறு நாளும் இரண்டு நொடியும்

பணத்திற்குப் பயன்பட்ட இம்முறையை உணவுக்கும் பயன்படுத்தலாம் என்பதை ஒரு மாம்பழப் பொதி மெய்ப்பித்தது. வால்மார்ட் நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் யியானாஸ், நறுக்கி அடைக்கப்பட்ட மாம்பழப் பொதியொன்றைத் தம் குழுவினரிடம் கொடுத்து, அப்பழம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது எனக் கண்டறியுமாறு கூறினார். தொலைபேசி, மின்னஞ்சல், தாள்கள் ஆகியவற்றின் வழியே தேடி விடை கண்டறிய 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆயின. பின்னர் ஐபிஎம் நிறுவனத்துடன் இணைந்து அமைத்த தொடரேட்டின் வழியே அதே விடை 2.2 நொடியில் கிடைத்தது. 2018இல், தனக்குக் கீரை வகைகளை வழங்குவோரும் இம்முறையில் இணைய வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்டுக்கொண்டது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் தொடங்கின. காபி வாரியம் 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடரேட்டை அடிப்படையாகக் கொண்ட காபிச் சந்தையை முன்னோட்டமாக அறிமுகப்படுத்தியது. மலை உழவர் விளைவிக்கும் காபி எங்கு விளைந்தது என்பதை வாங்குவோர் அறியவும், விளைவித்தவருக்கு உரிய விலை கிடைக்கவும் அது வழிசெய்ய முனைந்தது. 2021ஆம் ஆண்டு நறுமணப்பொருள் வாரியம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் இந்தியப் பிரிவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆந்திரப் பிரதேசத்தின் மிளகாய், மஞ்சள் ஆகியவற்றின் வழித்தடத்தைப் பதிவுசெய்வது அதன் நோக்கமாகும். தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகளின் பயன்பாட்டிற்கென மின்னாளுமை முகமை உருவாக்கிய தொடரேட்டு அடித்தளம் ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர் பெற்றுள்ளது.

முதல் பதிவின் மெய்ம்மை

தொடரேடு எழுதியதைக் காக்கும். எழுதியது மெய்யா என்பதை அது அறியாது. இவ்வேறுபாட்டை உணராதவர்கள் தொழில்நுட்பத்தின்மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்துவிடுகின்றனர். வேற்றூர்ப் பூண்டை மூட்டையில் நிரப்பி, “இது கொடைக்கானல் பூண்டு” என்று தொடக்கத்திலேயே ஒருவர் பதிந்துவிட்டால், அப்பொய்யும் மெய்யைப் போலவே திருத்தவொண்ணாத முத்திரையுடன் நிலைபெற்றுவிடும். மூட்டையின்மீது ஒட்டப்படும் குறியீட்டுச் சீட்டைக் கழற்றி, வேறொரு மூட்டையின்மீது ஒட்டுவதும் கடினமன்று. கணினிக்குள் இருக்கும் ஏட்டிற்கும் களத்தில் இருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியை மனிதரே நிரப்ப வேண்டும்.

அவ்விடைவெளியை நிரப்ப இயலும் என்பதற்கு வங்கதேசத்து மஞ்சள் சான்றாகும். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்ற, ஈயக் குரோமேட்டு என்னும் நச்சுச் சாயத்தைத் தூவும் வழக்கம் அங்கு இருந்தது. 1980களில் வெள்ளத்தால் நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தோன்றிய வழக்கம் அது என்பர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆய்வாளர்கள் 2019இல் சந்தைகளில் எடுத்த மஞ்சள் மாதிரிகளுள் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. ஆய்வு முடிவுகளை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் பரப்பின. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தைகளில் எச்சரிக்கை அறிவிப்புகளை ஒட்டினர். கையில் எடுத்துச் செல்லத்தக்க ஊடுகதிர்க் கருவியால் மஞ்சளை அந்த இடத்திலேயே சோதித்தனர். கலப்படம் செய்தோர் நடமாடும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். 2021இல் எடுத்த மாதிரிகளில் ஈயம் காணப்படவே இல்லை. அங்கு எந்தத் தொடரேடும் பயன்படவில்லை. சோதனையும் செய்தியும் சட்டமும் ஒன்றுசேர்ந்து அம்மாற்றத்தை ஏற்படுத்தின.

தஞ்சைக் கல்வெட்டுகளும் இவ்வுண்மையை முன்பே காட்டியுள்ளன. அங்குக் கொடைப்பொன் வெட்டவெளியில் மதிப்பிட்டு எழுதப்படவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. எந்தக் கல்லால் நிறுத்தனர் என்பதும் கல்வெட்டில் குறிக்கப்பட்டது. முதலில் முறையான அளவை, அதன்பின் அழியாத பதிவு என்பதே அக்காலக் கணக்கின் ஒழுங்கு. தொடரேடு இக்காலத்துக் கல்வெட்டு என்றால், ஆய்வகச் சோதனையும் நேர்மையான சான்றளிப்பும் இக்காலத்து எடைக்கற்கள் ஆகும். எடைக்கல் இல்லாத கல்வெட்டால் பயன் விளையாது.

ஏடு யார் கையில்?

தொடரேடு பயன்தர வேண்டுமெனில் மேலும் சில வினாக்களுக்கும் விடை காண வேண்டும். படிகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கணினிகளில் இருந்தால், அது வழக்கமான பேரேட்டினின்றும் பெரிதும் வேறுபடாது. அந்நிறுவனம் விரும்பினால் எல்லாப் படிகளையும் ஒருசேர மாற்றிவிட இயலும். எனவே, நலன்கள் வேறுபட்ட பலரிடமும் படிகள் இருப்பது இன்றியமையாதது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே பொய்யை விரும்புவது அரிது.

பதிவுசெய்யும் சுமையை யார் தாங்குவது என்பது அடுத்த வினா. அரை ஏக்கரில் பூண்டு பயிரிடும் உழவர், கைப்பேசியும் இணைய இணைப்பும் இன்றி ஒவ்வொரு பறிப்பையும் பதிவது எளிதன்று. பதிவில்லாத சரக்கை வாங்கமாட்டோம் என்று பெருவணிகர்கள் கூறத் தொடங்கினால், நேர்மையான சிறு உழவரே முதலில் சந்தைக்கு வெளியே தள்ளப்படுவார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அப்பணியை ஏற்கும்போது அச்சுமை குறையும்.

ஏட்டின் ஒளி ஒருபக்கமாக மட்டும் விழுதலும் கூடாது. உழவர் எந்த மருந்தை எந்நாளில் தெளித்தார் என்பதை உண்பவர் அறியலாம் என்றால், தம் பூண்டு இறுதியில் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை உழவரும் அறிய வேண்டும். இருபுறமும் தெரியும் கணக்கில்தான் உழவருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

நம்பிக்கையின் வேர்

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி, அடைக்கப்பட்ட உணவுப் பொதியின்மீது 14 இலக்க உரிம எண் அச்சிடப்படுகிறது. அவ்வெண்ணைப் படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? வினவுவோர் இல்லாத இடத்தில் எந்தப் பதிவும் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். பொதியிலுள்ள விவரங்களைப் படிப்பதும், ஐயம் எழுந்தால் கடைக்காரரிடம் கேட்பதும், கலப்படத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிப்பதும் உண்பவரின் கடமைகள்.

முத்திரை மாறாமல் காக்கும் பணியைக் கணினி செய்யும். முத்திரையிடுவதற்கு முன் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் பணி மனிதருடையது. உழவர் மெய்யைப் பதிய, அலுவலர் அதனைச் சோதிக்க, வணிகர் அதனைக் காக்க, உண்பவர் அதனைக் கேட்டறிய வேண்டும். இந்நால்வரும் தத்தம் கடமையில் வழுவாதிருந்தால், வயலில் தொடங்கிய நேர்மை வட்டில்வரை வந்து சேரும்.

சொல்லும் பொருளும்

வட்டில் – உண்கலம்
உசாவுதல் – கேட்டறிதல்
பொதி – கட்டு, அடைக்கப்பட்ட பொட்டலம்
திருத்தவொண்ணாமை – திருத்த இயலாத தன்மை
பேரேடு – வரவுசெலவுக் கணக்கேடு
தொடரேடு – பிளாக்செயின்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள உணவுப் பொதிகள் ஐந்தின்மீது அச்சிடப்பட்டுள்ள உரிம எண், தயாரித்த இடம், தொகுதி எண், நாள் ஆகியவற்றைத் திரட்டி அட்டவணைப்படுத்துக.
2. பாடத்திலுள்ள முத்திரைக் கணக்கைப் பயன்படுத்தி, வகுப்பு மாணவர் ஐவர் ஐந்து ஏடுகள் கொண்ட தொடரேடு ஒன்றை உருவாக்குக. ஓர் எண்ணை மாற்றி, அதனால் விளையும் மாற்றங்களைக் கண்டறிக.
3. உங்கள் பகுதிச் சந்தையில் விற்கப்படும் ஒரு காய்கறி, விளைந்த இடத்திலிருந்து எத்தனை பேருடைய கைகளைக் கடந்து வருகிறது என்பதை வணிகரிடம் கேட்டறிந்து எழுதுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக
தொடரேட்டின் ஓர் ஏட்டில் இடம்பெறாதது எது?
அ) பரிமாற்ற விவரம் ஆ) அவ்வேட்டின் முத்திரை இ) முந்தைய ஏட்டின் முத்திரை ஈ) அடுத்த ஏட்டின் முத்திரை

குறுவினா
1. உழவர் சந்தையில் நம்பிக்கை எளிதில் பிறப்பது ஏன்?
2. தொடரேட்டின் படிகள் பலரிடமும் இருக்க வேண்டியதன் காரணம் யாது?

சிறுவினா
1. தஞ்சைக் கல்வெட்டுகளையும் தொடரேட்டையும் ஒப்பிட்டு எழுதுக.
2. வங்கதேசத்து மஞ்சள் கலப்படம் நீங்கிய வகையை விளக்குக.

நெடுவினா
‘தொடரேடு எழுதியதைக் காக்கும். எழுதியது மெய்யா என்பதை அது அறியாது’ – இக்கூற்றைப் பாடத்தின் வழியும் உங்கள் ஊர் அனுபவத்தின் வழியும் ஆராய்ந்து கட்டுரை வரைக.